அணிற்பிள்ளையும் அமானிதமும்

படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்! அகிலத்தின் அருட்கொடையாக வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

ஒரு காரியம் மார்க்கத்தில் கூடுமா, கூடாதா என்று கேட்டறிந்து நடப்பது நம் மக்களிடம் உள்ள நல்ல பழக்கம். ஆனால், "கூடும்" என்ற விடை கிடைத்தவுடன் கேள்வியே முடிந்து விட்டதாக நாம் எண்ணிக் கொள்கிறோம். கூடுமான காரியங்கள் இரண்டு எதிரெதிரே நிற்கும்போது அவற்றில் அழகானது எது என்ற கேள்வி அதற்குப் பிறகும் மீதமிருக்கிறது. அந்த மீதக் கேள்வியை ஒரு தாய் நம்மிடம் கேட்டார். அவர் கேட்டது ஓர் அணில் குஞ்சைப் பற்றி. விஷயம் அற்பமானதாகத் தோன்றலாம். எனினும், அதற்கு நாம் முதலில் சொன்ன விடையில் குறையிருந்தது. அந்தக் குறையை எண்ணியே இதை எழுதுகிறோம்.

புயலில் விழுந்த கூடு

2018 நவம்பர் 16 அன்று அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்தது. தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை மரங்கள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அப்போது நாம் அப்பகுதியில் ஒரு கிராமத்து மக்தபில் ஓதிக் கொடுத்துக் கொண்டிருந்தோம். பள்ளிவாசல் முற்றத்தில் கூடியவர்கள் அனைவரின் பேச்சும் விழுந்த மரங்களைப் பற்றியதாகவே இருந்தது. ஒரு தலைமுறை உழைத்து வளர்த்த மரம் ஓர் இரவில் போயிற்று.

மறுநாள் காலை, மக்தபில் ஓதும் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தன் தொப்பியை இரு கைகளாலும் மூடிப் பிடித்துக்கொண்டு வந்தான். உள்ளே இரண்டு அணில் குஞ்சுகள். சாய்ந்த தென்னையின் குருத்தடியில், நாரும் பஞ்சும் வைத்துக் கட்டிய கூட்டில் கிடந்தனவாம். கண் திறக்கவில்லை, உடம்பில் ரோமமும் சரியாக முளைக்கவில்லை. முதுகில் மட்டும் அந்த மூன்று கோடுகள் மங்கலாகத் தெரிந்தன.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சலித்துக் கொண்டார். "மனுசனுக்கே குடிக்கத் தண்ணி இல்லை. இதுல அணிலுக்குப் பால் தேடுறியா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய தோப்பு முழுவதும் தரையில் கிடந்தது.

அவருடைய பேச்சில் நியாயம் இருப்பது போல் தோன்றினாலும், நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லித் தந்த ஒரு சம்பவம் அதற்கு விடையாக இருக்கிறது. வழிப்போக்கர் ஒருவர் கடும் தாகத்தால் கிணற்றில் இறங்கித் தண்ணீர் குடித்து மேலே வருகிறார். அங்கே ஒரு நாய் தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு ஈரமண்ணை நக்கிக் கொண்டிருக்கிறது. தனக்கு ஏற்பட்ட அதே தாகம் இதற்கும் என்று அவர் எண்ணுகிறார். மீண்டும் கிணற்றில் இறங்கித் தம் தோல் காலுறையில் தண்ணீரை நிரப்பி, அதை வாயால் கவ்விக் கொண்டு ஏறி வந்து நாய்க்குப் புகட்டுகிறார். அல்லாஹ் அவருடைய செயலை ஏற்று அவரை மன்னித்தான். வாயில்லா ஜீவன்கள் விஷயத்திலும் நமக்கு நற்கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் கேட்டபோது, உயிருள்ள ஒவ்வொன்றின் விஷயத்திலும் உண்டு என்று நபியவர்கள் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது.

அந்த மனிதர் வசதியில் இருந்து கொண்டு இரக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். தாகத்தை அப்போதுதான் அனுபவித்திருந்தார். கஷ்டத்தில் இருப்பவனுக்கு இரக்கம் சுமையாகவும் ஆகலாம். பிறர் கஷ்டத்தைக் காணும் கண்ணாகவும் ஆகலாம். தவிர, ஒரு நாளைக்கு இரண்டு கரண்டி பால் எந்த மனிதனின் பங்கையும் பறித்து விடாது.

இன்னொருவர், "விழ வேண்டும் என்பது அல்லாஹ்வின் விதி. நாம் ஏன் குறுக்கே போக வேண்டும்?" என்றார். கொள்ளைநோய் பரவியிருந்த ஷாம் தேசத்துக்குள் நுழையாமல் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, அபூஉபைதா (ரலி) அவர்கள் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்பது உமர் (ரலி) அவர்கள் தந்த விடையின் கருத்து. குஞ்சு விழுந்தது விதி என்றால், அது ஒரு சிறுவனின் கண்ணில் பட்டதும் விதிதான்.

நிய்யத் மட்டும் போதாது

அன்று நாம் செய்த தவறுகளை மறைக்காமல் சொல்கிறோம். படிப்பவர்களுக்குப் பயன்படக் கூடும்.

முதல் தவறு, தாயைத் தேடாதது. அபூதாவூதில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு ஹதீஸ் உண்டு. ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்து விட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகை விரித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இதன் குஞ்சை எடுத்து இதை வேதனைப்படுத்தியவர் யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் தாயிடமே திருப்பித் தரும்படி பணித்தார்கள். இந்த ஹதீஸை நாம் கிதாபில் படித்தவர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தவர்கள். ஆனால் கையில் குஞ்சு வந்தபோது அது நம் நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பால் கொடுப்பதே நன்மை என்று எண்ணி விட்டோம்.

மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் அணில் சேர்க்காது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அது சரியல்ல. குஞ்சு காயமில்லாமல் இருந்தால் அதைச் சூடுபடுத்தி, சிறு கூடையிலோ அட்டைப் பெட்டியிலோ மெல்லிய துணியோடு வைத்து, விழுந்த இடத்துக்கு அருகே உள்ள மரத்தில், பூனைக்கும் எறும்புக்கும் எட்டாதவாறு கட்டிவிட்டு, நாம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் தாய் வந்து, ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வேறு கூட்டுக்குப் போய்விடும். அணில் பகலில் நடமாடும் பிராணி; இரவில் வராது. ஆகவே பொழுது சாய்ந்தால் குஞ்சை உள்ளே எடுத்துச் சூடாக வைத்திருந்து, விடிந்ததும் மறுபடி அங்கேயே வைத்துப் பார்க்கலாம். தாய் இறந்து கிடந்தாலோ, பூனையின் பல் பட்டிருந்தாலோ, காத்திருந்தும் தாய் வராவிட்டாலோதான் குஞ்சு அனாதையாகிறது. தாயிருக்கும் குஞ்சை எடுத்து வளர்ப்பது உதவி அல்ல. நல்ல எண்ணத்தோடு செய்த பறிப்பு.

இரண்டாவது தவறு, பால். சிறுவனின் வீட்டில் பசும்பாலைக் காய்ச்சி, மருந்து விடும் ஃபில்லரில் எடுத்து, குஞ்சை மல்லாத்திப் பிடித்துக்கொண்டு ஊட்டினார்கள். நாமும் பக்கத்தில் அமர்ந்து, "பிஸ்மி சொல்லிக் கொடு" என்றோம். குஞ்சின் உடம்பு சில்லென்று இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. பால் மூக்கு வழியாகக் குமிழியிட்டு வந்தது. மறுநாள் வயிறு ஊதிக் கழிச்சலும் கண்டது. சுபுஹுக்கு முன்பே இரண்டில் ஒன்று இறந்து விட்டது.

பிறகு ஒரு கால்நடை மருத்துவரைக் கேட்டறிந்தோம். குளிர்ந்து கிடக்கும் குஞ்சுக்கு முதலில் சூடுதான் தேவை. பால் அதற்குப் பிறகு. மின்சாரம் இல்லாத அந்நாட்களில், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிக் குஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தோம். பசும்பால் அதன் வயிற்றுக்கு ஒத்துக் கொள்ளாது. நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவு கிடைத்தால் நல்லது. கிடைக்காத இடத்தில் ஆட்டுப்பால். மல்லாத்தாமல், வயிறு கீழாக இருக்கும்படி பிடித்து, ஊசி கழற்றிய சிறு சிரிஞ்சால் துளித்துளியாக ஊட்ட வேண்டும். அவசரப்பட்டால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். மிகச் சிறு குஞ்சுக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை ஊட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அதன் பின்புறத்தை மெல்லத் துடைத்து விட்டால்தான் சிறுநீரும் மலமும் கழியும். தாய் இதைத் தன் நாவால் செய்கிறது. அதன் சிறுநீர் நஜீஸாகும். ஆகவே ஆடையில் பட்டால் கழுவிக் கொண்டே தொழ வேண்டும்.

செயல்கள் யாவும் நிய்யத்தைக் கொண்டே என்பது நாம் அறிந்த விஷயம். ஆனால் நிய்யத் செயலுக்கு உயிர் தருமே தவிர, அறியாமைக்குப் பரிகாரம் ஆகிவிடாது. தொழ வேண்டும் என்ற எண்ணம் உள்ளவன் தொழும் முறையையும் கற்க வேண்டும். நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பவன் வைத்தியம் அறிந்திருக்க வேண்டும். இரக்கமும் அப்படித்தான். அறியாமல் நேர்ந்ததை அல்லாஹ் மன்னிப்பான் என்று நம்புகிறோம். ஆனால், கேட்டுத் தெரிந்து கொள்ள வழியிருந்தும் கேட்காமல் விட்டதற்கு நாம் பொறுப்பாளிகளே. காயம்பட்ட, அனாதையான காட்டுயிர் கிடைத்தால் வனத்துறைக்குத் தெரிவிப்பதும், கால்நடை மருத்துவரை அணுகுவதும் இன்று எளிதான காரியங்கள். அவற்றை முதலில் செய்யுங்கள்.

தாய் கேட்ட கேள்வி

மிஞ்சிய ஒரு குஞ்சு பிழைத்தது. கண் திறந்தது, வாலில் ரோமம் அடர்ந்தது. அணில் ஏறக்குறைய 10 வாரங்களில் பால் மறக்கும். தை மாதம் பிறந்தபோது அது கொய்யாவையும் ஊறவைத்த கடலையையும் தானே கொறிக்கத் தொடங்கியிருந்தது. சிறுவனின் தோளில் ஏறிச் சட்டைப் பைக்குள் புகுந்து தூங்கும். வீட்டில் அனைவருக்கும் செல்லமாகி விட்டது.

அப்போதுதான் அச்சிறுவனின் உம்மா நம்மிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். "ஹஜ்ரத், பிள்ளை மாதிரி வளர்த்துட்டோம். வெளியே விட்டால் பூனை தின்னுடும். கூண்டு வாங்கி வீட்டிலேயே வச்சுக்கிட்டால் பாவமா?"

நாம் உடனே விடை சொல்லி அனுப்பினோம்: "பாவமில்லை. தீனியும் தண்ணீரும் குறையாமல் கொடுங்கள்."

அந்த விடைக்கு ஆதாரம் இருந்தது. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் என்ற குழந்தை ஒரு சிறு குருவியை வைத்து விளையாடும். நபி (ஸல்) அவர்கள் அவ்வீட்டுக்கு வரும்போது குருவியைப் பற்றி அன்போடு விசாரிப்பார்கள். குருவி இறந்து போனதால் குழந்தை வாடியிருந்தபோதும் அதைப் பற்றிக் கேட்டு அக்குழந்தையை மகிழ்வித்தார்கள். புகாரி, முஸ்லிமில் உள்ள இச்சிறு ஹதீஸிலிருந்து ஷாபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் 60 பயன்களை எடுத்துத் தனி ஏடே எழுதினார்கள். குழந்தை விளையாடச் சிறு பறவையை வேதனைப்படுத்தாமல் வைத்திருக்கலாம் என்பது இந்த ஹதீஸிலிருந்து உலமாக்கள் எடுத்த சட்டங்களில் ஒன்று.

ஆகவே "கூடும்" என்று நாம் சொன்னது பிழையன்று. ஆனால் அன்றிரவு முழுவதும் அந்த விடை நம் மனத்தை உறுத்திக் கொண்டேயிருந்தது. பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணின் ஹதீஸ் நினைவுக்கு வந்தது. பூனையை அடைத்து வைத்துச் சாகடித்ததற்காக அப்பெண் நரகம் புகுந்தாள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களைப் பாருங்கள். அவள் தானும் தீனி போடவில்லை. பூமியின் சிறு ஜந்துக்களைத் தேடித் தின்ன அதை அவிழ்த்து விடவும் இல்லை.

தண்டனை உயிர் போகும்வரை வதைத்ததற்குத்தான் என்பதில் ஐயமில்லை. எனினும் நாயகம் (ஸல்) அவர்கள் அதைச் சொல்லும்போது இரண்டு வழிகளை நம் முன் வைத்து விடுகிறார்கள். ஒன்று, நீ ஊட்டுவது. மற்றொன்று, அது தானே தேடிக் கொள்ளும்படி வழிவிடுவது. நாம் முதல் வழியை மட்டும் நினைத்து விடை சொல்லி விட்டோம். இரண்டாவது வழி அந்த அணிலுக்கு இருக்கிறதா என்று கேட்கவே இல்லை.

எந்த உயிருக்கு ஊட்டுவது, எந்த உயிருக்கு வழிவிடுவது என்று எப்படி அறிவது? அதன் படைப்பைப் பார்த்தே அறிய வேண்டும். பூமியில் திரியும் பிராணிகளும், சிறகடித்துப் பறப்பவையும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறையின் 6ஆம் அத்தியாயம், 38ஆம் வசனம் உணர்த்துகிறது. ஆடும் மாடும் கோழியும் மனிதனோடு வாழப் பழகியவை. அவற்றைத் தெருவில் விடுவது கொடுமை. அணில் அப்படியல்ல. கிளைக்குக் கிளை தாவ நகமும், சமன் செய்ய வாலும், ஆபத்தைக் கண்டால் தன் இனத்துக்குச் சொல்லக் கீச்சுக் குரலும் அல்லாஹ் அதற்குக் கொடுத்திருக்கிறான். அதன் சமுதாயம் மரத்தில் இருக்கிறது. கூண்டில் அடைத்து வேளாவேளைக்குப் பழம் போட்டால் அதன் வயிறு நிறையும். ஆனால் அல்லாஹ் கொடுத்த மற்ற எதற்கும் அங்கே வேலை இருக்காது.

யாருக்காக இரக்கம்?

இங்கே நம் உள்ளத்தை நாமே சோதிக்க வேண்டும். "வெளியே விட்டால் பூனை தின்று விடும்" என்பது உண்மையான அச்சம்தான். ஆனால் அந்த அச்சத்தின் பின்னால், "இது போய்விட்டால் நமக்கு வீடு வெறிச்சோடி விடும்" என்ற எண்ணமும் மறைந்திருக்கக் கூடும். முதல் எண்ணம் அணிலுக்காக, இரண்டாவது நமக்காக. இரண்டும் ஒரே கண்ணீரில் கலந்து வருவதால் பிரித்தறிவது எளிதன்று. பிரிக்க ஒரு வழி உண்டு. இதை விடுவதால் நமக்கு எந்த வருத்தமும் இல்லாவிட்டால் அப்போதும் இதை அடைத்து வைப்போமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லா விஷயத்திலும் இஹ்ஸானை, அழகிய முறையில் செய்வதை, அல்லாஹ் விதித்திருக்கிறான் என்று முஸ்லிமில் வரும் ஹதீஸ் அறிவிக்கிறது. அறுக்கும்போது கத்தியைத் தீட்டி, பிராணிக்கு ஆறுதல் கொடுக்க வேண்டும் என்ற கட்டளையும் அதிலேயே வருகிறது. உயிரை எடுக்கும்போதே இஹ்ஸான் வேண்டுமென்றால், உயிரைக் காக்கும்போது எவ்வளவு வேண்டும்! ஹிஜ்ரி 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் 'கவாஇதுல் அஹ்காம்' என்ற நூலில், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். முதுமையாலோ நோயாலோ அதனிடம் எந்தப் பயனும் கிடைக்காத நிலையிலும் அதற்குத் தீனி கொடுப்பது அவற்றில் ஒன்று. பிராணியின் உரிமை நமக்குக் கிடைக்கும் பயனைப் பொறுத்ததல்ல என்பது இதிலிருந்து விளங்குகிறது. அப்படியானால் நமக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியைப் பொறுத்ததும் அல்ல.

விடுவிப்பதற்கு மார்க்கத் தடை உண்டா?

மதரஸாவில் ஓதியவர்கள் இங்கே ஒரு சந்தேகம் எழுப்பலாம். அதையும் பார்த்து விடுவோம். வேட்டைப் பிராணி ஒன்றைச் சொந்தமாக்கிக் கொண்டவர் அதைத் தாமே விடுவித்தாலும், 'அஸஹ்' ஆன சொல்லின்படி அவருடைய உரிமை நீங்காது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் வருகிறது. உரிமை நீங்கிவிடும் என்பது இரண்டாவது சொல். அல்லாஹ்வின் நெருக்கத்தை நாடி விடுவித்தால் நீங்கும், இல்லாவிட்டால் நீங்காது என்பது மூன்றாவது சொல். அப்படி விடுவிப்பதை உலமாக்கள் தடுத்ததற்குக் காரணம், அது ஜாஹிலிய்யாக் காலத்தில் சிலைகளின் பெயரால் 'ஸாயிபா' என்று பிராணிகளை விட்டதற்கு ஒப்பாகிவிடும் என்பதுதான். அதே வேளையில், பிடிபட்ட தாயை நம்பிக் குஞ்சுகள் இருந்து, அவை அழிந்துவிடும் என்ற அச்சமிருந்தால் தாயை விடுவிப்பது கடமை என்றும் விரிவுரையாளர்கள் எழுதியுள்ளார்கள்.

இந்தச் சட்டத்தின் நோக்கத்தைக் கவனித்தால் நம் விஷயம் தெளிவாகும். அனாதைக் குஞ்சை எடுத்தவர் அதை வேட்டையாடச் செல்லவில்லை. எந்தச் சிலையின் பெயராலும் விடவில்லை. பொருளை வீணாக்கவும் இல்லை. வளர்ந்து ஆளானதும் அதன் இடத்தில் சேர்க்கிறார். தவிர, காட்டுயிர்களை வீட்டுச் சொத்தாக்கிக் கொள்ள நாட்டின் சட்டமும் இடந்தருவதில்லை. எனவே தொடக்கத்திலிருந்தே அதை நம் உடைமை என்று கருதாமல், நம்மிடம் சில வாரங்களுக்கு ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று கருதுவதே பேணுதலான வழி. அமானிதத்தைக் காப்பதும் கடமை; உரிய இடத்தில் ஒப்படைப்பதும் கடமை.

மறுநாள் காலை நாமே அவ்வீட்டு வாசலுக்குச் சென்று, திரைக்கு அப்பாலிருந்த அந்தத் தாயிடம், "உம்மா, நேற்றுச் சொன்னது பாதி விடை. மீதியைச் சொல்ல வந்திருக்கிறோம்" என்றோம். கேட்டு முடிந்ததும் அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "விடத்தான் வேணும்னா எப்படி விடணும்னும் சொல்லிடுங்க ஹஜ்ரத்" என்றார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு

ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைப்பதா, கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்ததாகத் திர்மிதியில் உள்ளது. விடுவிப்பதிலும் இதுவே முறை. கையில் வளர்ந்ததைத் திடீரென்று ஒருநாள் தோப்பில் எறிந்துவிட்டு "தவக்கல்து அலல்லாஹ்" என்று சொல்வது தவக்குல் அல்ல, பொறுப்பைக் கைகழுவுவது.

முதலில், தொடுவதையும் கொஞ்சுவதையும் குறைக்க வேண்டும். ஒருவர் மட்டும் தீனி வைத்தால் போதும். பூனையோடும் நாயோடும் பழக விடவே கூடாது; அவற்றைக் கண்டால் ஓடும் அச்சம்தான் அதன் உயிருக்குக் காவல். குஞ்சுகள் இரண்டு மூன்று இருந்தால் சேர்த்தே வளர்க்க வேண்டும். தனியாக வளர்வது மனிதனையே தன் இனம் என்று எண்ணிக் கொள்ளும். ரொட்டி, பிஸ்கட் வேண்டாம். பழம், கொட்டை, தளிர், பூ, மரப்பட்டை என்று வெளியே கிடைப்பதையே பழக்க வேண்டும். கொட்டைகளை மட்டும் தின்று வளர்ந்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு வலுவிழக்கும்; வலுவிழந்த காலோடு கிளையில் தாவ முடியாது. பிறகு கூண்டை, மற்ற அணில்கள் நடமாடும் மரத்தடிக்குக் கொண்டு போய், அவற்றின் குரலையும் வெயிலையும் காற்றையும் அது பழக விட வேண்டும். சில நாட்கள் சென்றபின் ஒரு காலை நேரத்தில், மழையில்லாத நாளில், கதவைத் திறந்து வைக்க வேண்டும். பிடித்து வெளியே தள்ளக் கூடாது, தானே போகட்டும். கூண்டையும் சிறிது தீனியையும் சில நாட்களுக்கு அங்கேயே விட்டு வைத்தால், அஞ்சினால் திரும்பி வர இடமிருக்கும்.

காலோ கண்ணோ ஊனமாகி, வெளியே பிழைக்கவே முடியாத பிராணியின் சட்டம் வேறு. அதை வனத்துறையிடம் தெரிவித்து அவர்கள் சொல்படி பராமரிக்க வேண்டும். அங்கே வைத்திருப்பதுதான் இஹ்ஸான். நல்ல காலோடு இருப்பதை அந்தக் காரணத்தைச் சொல்லி வைத்துக் கொள்ளக் கூடாது.

அவ்வீட்டுக் கொல்லையில் புயலுக்குத் தப்பி நின்ற ஒரு பூவரச மரம் இருந்தது. அதில் கூண்டைக் கட்டினோம். கதவு திறந்த முதல் நாள் அணில் வெளியே வந்து, அடிமரத்தில் சற்று ஏறி, மறுபடி கூண்டுக்குள் ஓடிவிட்டது. இரண்டாம் நாள் உச்சிக்கிளை வரை போய், மஃரிபுக்கு முன் திரும்பியது. மூன்றாம் நாளும் வந்தது. நான்காம் நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வைத்த கடலை அப்படியே இருந்தது.

சிறுவன் ஓத வந்தபோது கேட்டான்: "ஹஜ்ரத், அது கூட்டத்தோட சேர்ந்துடுச்சா, செத்துப் போச்சா?"

"தெரியாது" என்றோம். அவனைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அப்ப நாம வளர்த்ததுக்கு என்ன?" என்று அவன் கேட்டான்.

சகோதரர்களே! தாய்மார்களே! அச்சிறுவன் கேட்டதுதான் நம் எல்லோருக்கும் உரிய கேள்வி. நாம் ஒரு நன்மை செய்தால் அதன் முடிவைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறோம். உதவி பெற்றவன் நன்றி சொல்ல வேண்டும். வளர்த்த பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும். கொடுத்தது பலித்தது என்று தெரிய வேண்டும். ஆனால் அல்லாஹ்வின் நல்லடியார்களைப் பற்றித் திருமறையின் 76ஆம் அத்தியாயம் சொல்லும்போது, அவர்கள் அல்லாஹ்வின் திருமுகத்தை நாடி உணவளிப்பதாகவும், உண்டவர்களிடம் கைம்மாறையோ நன்றியையோ எதிர்பார்ப்பதில்லை என்றும் வர்ணிக்கிறது. மனிதருக்கு உணவளிப்பவன் நன்றியை எதிர்பார்க்காமல் இருப்பது கடினம். அணிலுக்கு உணவளித்து, அதை விட்டும் விட்டவனுக்கு எதிர்பார்க்கவே வழியில்லை. அந்த வகையில் இது இக்லாஸைக் கற்றுக் கொடுக்கும் ஒரு பாடம். அச்சிறுவனுக்கு இதையே அவனுக்குப் புரியும் வார்த்தைகளில் சொன்னோம். அவன் முழுவதும் ஏற்றுக் கொண்டானா என்பதும் நமக்குத் தெரியாது. அன்று மாலை கொல்லைப் பக்கம் போனபோது, கூண்டில் இருந்த பழைய கடலையை எடுத்து விட்டு அவன் புதிதாக வைத்துக் கொண்டிருந்தான்.

வல்ல அல்லாஹ், தன் படைப்புகள் மீது இரக்கம் காட்டும் உள்ளத்தையும், அந்த இரக்கத்தை முறையாகச் செய்யும் அறிவையும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை உரிய நேரத்தில் உரிய இடத்தில் சேர்க்கும் மனவலிமையையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! அறியாமல் நாம் செய்த பிழைகளை மன்னிப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.